காஃப்காவை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது யார்?

காஃப்கா என்றாலே பலருக்கு அந்தக் கரப்பான் பூச்சிக் கதைதான் ஞாபகம் வரும். (கரப்பான் என்று அவர் எங்கும் சொல்லவில்லை, அது வேறு விஷயம்!) நம் பக்கத்தில் அவரைப் படித்தவர்களில் பெரும்பாலானோர் ஆங்கிலம் வழியாகத்தான் படித்திருப்பார்கள். அந்த ஆங்கிலத்துக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

காஃப்கா 1924-ல் இறந்தார். தன் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடச் சொல்லியிருந்தார். நண்பர் மாக்ஸ் பிராட் எரிக்கவில்லை. அச்சேறாமல் கிடந்த கதைகளைத் தொகுத்து 1931-ல் பெர்லினில் ஒரு புத்தகம் வந்தது. 'சீனப் பெருஞ்சுவர்' என்ற தலைப்பில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1933-ல் லண்டனில் வெளியானது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அதே வருடம்தான். யூதரான காஃப்காவின் எழுத்துக்கு ஜெர்மனியில் இடம் சுருங்கத் தொடங்கிய நேரம்.

மொழிபெயர்த்தவர்கள் வில்லா மியூர், எட்வின் மியூர் என்ற ஸ்காட்லாந்துத் தம்பதி. 1921-ல் இருவரும் பிராக் நகரில் குடியிருந்தார்கள். அப்போது காஃப்காவும் அங்கேதான் இருந்தார். சந்தித்துக்கொள்ளவே இல்லை!

எட்வின் கவிஞர், விமர்சகர். புத்தகத்துக்கு முன்னுரை எழுதியதும் அவர்தான். அதனால் பாராட்டு பெரும்பாலும் அவர் பக்கமே போனது. 1953-ல் வில்லா தன் நாட்குறிப்பில் மனம் வெதும்பி எழுதினார்: இந்த மொழிபெயர்ப்புகளில் பெரும்பகுதி தன் உழைப்பு, எட்வின் உதவி மட்டுமே செய்தார், ஆனால் ஊர் அப்படி நினைப்பதில்லை.

1959-ல் எட்வின் இறந்தார். 1968-ல் வந்த நினைவுக் குறிப்பில் அதே வில்லா வேறு மாதிரி சொல்கிறார். புத்தகத்தை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி செய்வோம், பிறகு ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்ப்போம் என்று.

எதை நம்புவது? கூட்டு வணிகத்தில் ஒப்பந்தப் பத்திரம் இல்லாவிட்டால் லாபம் சரிபாதி என்று எங்கள் பாடத்தில் வரும். யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று சட்டம் கேட்காது. 1968-ல் வில்லாவும் அந்தச் சரிபாதியைத்தான் எழுதிக் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. இறந்துபோன கணவரைப் பற்றி ஊரறிய எழுதும்போது யார்தான் பங்குக் கணக்கு பார்ப்பார்கள்? நாட்குறிப்பில் அப்படி யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நான் 1953 பக்கம்தான்.

வில்லா 1970-ல் இறந்தார். அவருடைய நாட்குறிப்புகள் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அவர் பட்டம் வாங்கியதும் அங்கேதான்.