கையை விட்டுப் பார்த்து வாங்குதல்: வன்னியில் தேயிலையின் கதை

மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவத்தை நாம் எல்லோரும் சிறுவயதில் மத்ரஸாவில் கேட்டிருக்கிறோம். மேலே காய்ந்திருந்த குவியலின் உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை ஆட்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று நபியவர்கள் கேட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக வரும் இச்செய்தியை வியாபாரிக்கான எச்சரிக்கையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். வாங்குபவனுக்கும் அதில் ஒரு பாடம் உண்டு. பொருளுக்குள் கை போக இடம் இருக்க வேண்டும்.

இதை நினைக்க வைத்தது ஆசிரியர் ஓய்வறையில் எழுந்த ஒரு கேள்வி. இடைவேளைப் பிளேன்டியை வாயில் வைத்துவிட்டு ஒரு சக ஆசிரியர் சொன்னார்: "எங்கட நாட்டில விளையிற சாமான், எங்கட வாய்க்குத்தான் கிடைக்குதில்ல. நல்ல தேயிலை எங்கதான் வாங்கிற சேர்?" அந்தக் கடை, இந்தக் கடை என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கு அது கடையின் பெயரோடு முடிகிற கேள்வியாகத் தெரியவில்லை. அதற்குள் வன்னியின் வரலாறே கிடக்கிறது.

தேயிலை என்ற சொல்லில் இருந்தே தொடங்கலாம். சீனத்தின் தென்கரைத் துறைமுகப் பேச்சில் அது 'தே'. ஒல்லாந்தர் கப்பலேறி மேற்கே போன சொல் அது. தரைவழியாகப் பாரசீகத்துக்கும் அரபு நாடுகளுக்கும் போனது 'சாய்'. தமிழ் அந்தத் 'தே'யோடு இலையைச் சேர்த்துத் தேயிலை ஆக்கியது. நாங்கள் அதைத் தண்ணீரோடு சேர்த்துத் தேத்தண்ணி ஆக்கினோம்.

1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1883 ஜூலை 30ஆம் திகதி கொழும்பில் முதல் பகிரங்கத் தேயிலை ஏலம் நடந்தது. அன்று தொடங்கி இன்றுவரை நல்ல இலைக்கு விலை வைப்பது வெளிநாட்டு வாய்தான். உற்பத்தியில் 90 வீதத்துக்கும் மேல் கப்பலேறிவிடுகிறது. தாழ்நிலத்து நீள இலைகளை ஈராக்கும் ஈரானும் துருக்கியும் விரும்பி வாங்குகின்றன. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது அங்கே வாங்கிய இலங்கைத் தேயிலையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் வேடிக்கை இதனால்தான் நடக்கிறது.

பக்கட்டுக்கும் ஒரு கதை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தேயிலைக்கு வரி கடுமையாக இருந்தது. கள்ளக் கடத்தலும் கலப்படமும் பெருகின. வேறு மரங்களின் இலைகளைக் காயவைத்துச் சாயம் ஏற்றித் தேயிலை என்று விற்றார்கள். 1826இல் ஜோன் ஹோர்னிமன் என்ற வணிகர் தேயிலையை மூடி முத்திரையிட்டு விற்கத் தொடங்கினார். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டன் பக்கட் தேயிலையை உலகமெங்கும் கொண்டுபோனார். ஆகவே பக்கட் பிறந்தது சோம்பலுக்காக அல்ல. கடைக்காரன் மீதிருந்த நம்பிக்கை உடைந்த இடத்தில் அது பிறந்தது. நம்பிக்கை ஆளிடமிருந்து அடையாளக் குறிக்கு மாறியது. கை உள்ளே போகும் வழியும் அதோடு அடைபட்டது.

வன்னி தேயிலை விளையும் மண் அல்ல. ஆனாலும் தேயிலையின் மனிதர்கள் இந்த மண்ணை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியக் கூலிகள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1914இல் திறந்த தலைமன்னார் ரயில் பாதை செட்டிகுளத்தைக் கடந்து மதவாச்சிக்குப் போனது. அதே செட்டிகுளத்தில்தான் 2009இல் மெனிக் பாம் முகாம் எழுந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் அடைபட்டிருந்தார்கள். 2012 செப்டெம்பரில் அது மூடப்பட்டது.

மலைக்குப் போனவர்களின் வாரிசுகள் பிறகு வன்னிக்கே திரும்பினார்கள். 1958 கலவரம், 1973-74 தோட்டப் பஞ்சம், 1977 கலவரம் என்று ஒவ்வொன்றும் மலையக மக்களை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் தள்ளியது. அவர்களைக் குடியேற்றுவதில் காந்தியம் இயக்கத்தைச் சேர்ந்த எஸ்.ஏ. டேவிட்டும் டொக்டர் இராஜசுந்தரமும் முன்னின்றார்கள். இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். தேயிலையின் நல்லது கெட்டதை மூக்காலேயே சொல்லக்கூடியவர்கள் வன்னியில் இருக்கிறார்கள் என்றால் அது இந்த மக்கள்தான். கொழுந்து பறித்த கைகளுக்குத் தோட்டம் கொடுத்தது தூள் என்பதும் அவர்கள் சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

இனி நம் பங்குக்கு வருவோம். முல்லைத்தீவு, தண்ணீரூற்றுப் பக்கங்களில் முஸ்லிம்களின் சில்லறைக் கடைகள் இருந்த காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். தகரப் பேணியிலிருந்து தேயிலையை அள்ளி, கடதாசிச் சுருளில் கட்டிக் கொடுக்கும் கடைகள் அவை. "நானா, போன முறை தந்தது சாயம் காணாது" என்று ஒரு தமிழ்ப் பெண் வாசலில் நின்று சொல்லலாம். "இந்தா அக்கா, இதை மணந்து பாருங்கோ" என்று கடைக்காரர் பேணியைத் திறந்து நீட்டுவார். கடன் கொப்பியில் இரண்டு பேருக்கும் பக்கம் இருக்கும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்டோர் ஊரை இழந்தார்கள். பெரும்பகுதி புத்தளத்தில் ஒதுங்கியது. போன வீட்டையும் காணியையும் பொருளையும் கணக்கிட்டு எழுதியிருக்கிறோம். வாடிக்கை என்று ஒன்று போனதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பின்னால் நின்ற வன்னி மக்களுக்கும் நல்ல காலம் வந்துவிடவில்லை. பொருளாதாரத் தடையில் எரிபொருள், சீமெந்து, பற்றரி என்று பட்டியல் நீண்டது. ஏ9 பாதை 2002இல் திறந்து 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. அப்படிப்பட்ட காலத்தில் தேயிலையை மணந்து பார்த்து எடுக்க யாருக்கு வாய்க்கும்? வந்ததை வாங்குவதே வழக்கமானது. போர் முடிந்து பாதை திறந்தபோது கடை நிறையப் பளபளக்கும் பக்கட்டுகள் வந்தன. பழைய பேணிகளில் பல திரும்பி வரவேயில்லை.

பக்கட்டில் வருவதெல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க முத்திரை இருந்தால், உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது என்று பொருள். வாங்கிய நாளில் அது எவ்வளவு புதியது, எப்படி வைக்கப்பட்டது என்பதை முத்திரை சொல்லாது. அதற்குக் கடையைத்தான் பார்க்க வேண்டும்.

எனவே சக ஆசிரியருக்கு நான் சொன்ன பதில் இதுதான். தேயிலை விரைவாக விற்றுத் தீரும் கடைக்குப் போங்கள். மசாலா, சவர்க்காரம், மண்ணெண்ணெய் பக்கத்தில் இருக்கும் தேயிலையை வாங்காதீர்கள். தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். வெயில் படும் கண்ணாடிப் போத்தலை விட இறுக்கி மூடிய தகரப் பேணி மேல். மாரி மழைக் காலத்து ஈரம் நம் பக்கத்தில் தேயிலைக்குப் பெரிய எதிரி. எந்தப் பகுதித் தேயிலை என்று கேளுங்கள். நுவரெலியா மென்மையான சாயம். ஊவாவின் தரமான காலம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. திம்புளைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. சப்பிரகமுவ, ருகுணு தேயிலை கடுஞ்சாயம். பி.ஓ.பி., டஸ்ட் என்பவை இலைத் துண்டின் அளவுப் பெயர்கள். பாலூற்றிக் குடிக்க நல்ல தோட்டத்து டஸ்ட் போதும். பிளேன்டிக்கு பி.ஓ.பி. எடுங்கள். ஒதுக்க வேண்டியது தண்டும் நாரும் கலந்த கழிவுத் தூளைத்தான்.

முதலில் 100 கிராம் மட்டும் வாங்குங்கள். என் உம்மம்மா ஒரு கிளாஸ் பச்சைத்தண்ணியில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்ப்பார். "பச்சைத்தண்ணில உடனே செக்கச் செவேலெண்டு இறங்கினா, அது தேயிலையில்ல மகன், வெறுஞ் சாயம்" என்பார். நனைத்த வெள்ளைக் கடதாசியில் தூவினாலும் போட்ட சாயம் உடனே புள்ளி புள்ளியாகக் காட்டிக் கொடுக்கும்.

கடைசியாக ஒன்று. பேணியைத் திறந்து காட்டுங்கள் என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் திறந்து நீட்டுகிற கடைதான் உங்கள் கடை, அது யாருடையதாக இருந்தாலும். மீளக் குடியேறிக் கடை திறந்திருக்கும் நம் சகோதரர்களுக்கும் இதையே சொல்வேன். பக்கட்டுகளின் நடுவே ஒரு பேணிக்கு இடம் வையுங்கள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய அக்கா ஒருத்தி அதை மணந்து பார்த்து, "இது சரியில்ல நானா" என்று சொல்லட்டும். அவர் அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த கிழமையும் உங்கள் கடைக்கே வந்தால், 1990இல் அறுந்ததில் ஓர் இழை மீண்டும் முடிச்சாகிவிட்டது என்று கொள்ளலாம்.