புதுப்பித்த படகு என்ஜினில் மிகையான ஆயில் செலவு

படகு என்ஜினை இறக்கி, லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றி ஏற்றிய பிறகும் அது அளவுக்கு மீறி ஆயில் குடிப்பது மெக்கானிக்குகளிடம் அடிக்கடி வரும் புகார். ஆயில் போகும் வழிகள் மூன்றுதான். வெளியே கசியலாம், எரியறைக்குள் நுழைந்து எரியலாம், குளிர்விக்கும் நீரோடு கலந்து போகலாம். மூன்றாவது வழி கடலில் போய் முடிவதால் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். எந்த வழி என்று தெரியாமல் ஹெட்டைக் கழற்றுவதுதான் இந்தப் புகாரில் நடக்கும் பெரிய வீண்செலவு. வெளியில் இருந்தபடியே செய்யக்கூடிய சோதனைகளை முடித்த பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

தமிழகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். என்ஜின் வேலைகள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. லாரியில் ஓடும் டீசல் என்ஜின் வகைகளையே கடலுக்கு ஏற்ப மாற்றிப் பொருத்திய படகுகள் இங்கே ஏராளம். தடை முடிந்ததும் வேலை பார்த்த என்ஜின் முதல் ஓட்டத்திலேயே முழுப் பாரத்துக்குப் போகிறது. புகாரும் அப்போதுதான் கிளம்புகிறது.

எவ்வளவு என்பது மிகை

காருக்குக் கிலோமீட்டர்க் கணக்கு உண்டு. படகுக்கு ஓடிய மணி நேரமும் எரித்த டீசலும்தான் கணக்கு. நல்ல நிலையிலுள்ள டீசல் என்ஜின் எரிக்கும் ஆயில், அது எரிக்கும் டீசலில் சுமார் 0.5 சதவீதத்துக்குள் அடங்கும். புதிய வடிவமைப்புகளில் இன்னும் குறைவு. 1 சதவீதத்தைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். மணிக்கு 15 லிட்டர் டீசல் எரிக்கும் என்ஜின் பத்து மணி நேரம் ஓடினால் 150 லிட்டர். அதில் முக்கால் லிட்டர் ஆயில் குறைந்தால் கவலை இல்லை. ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

புது ரிங் போட்ட என்ஜின் தொடக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகக் குடிப்பது இயல்பு. ரிங்கின் முகமும் லைனர் சுவரும் தேய்ந்து ஒன்றோடொன்று பொருந்தும் காலம் அது. பொதுவாக 50 முதல் 100 மணி நேரத்துக்குள் செலவு இறங்கி ஒரு நிலைக்கு வந்துவிடும். ஆகவே ஒருநாள் அளவைவிட, செலவு இறங்குமுகமா ஏறுமுகமா என்பதே முக்கியம். இறங்கிக்கொண்டிருக்கும் என்ஜினைப் பிரிப்பது தவறு.

டிப் ஸ்டிக் சொல்லும் பொய்

படகில் என்ஜின் பெரும்பாலும் மட்டமாக உட்காருவதில்லை; புரொப்பல்லர் ஷாஃப்டின் சாய்வுக்கு ஏற்பப் பின்பக்கம் தாழ்ந்திருக்கும். லாரிக்கு அடித்த டிப் ஸ்டிக் குறி இந்தச் சாய்வில் செல்லாது. குறிப்பிட்ட அளவு ஆயிலை அளந்து ஊற்றி, படகு தண்ணீரில் மிதக்கும்போது புதுக் குறி போட வேண்டும். பழைய குறியை நம்பி நிரப்பினால் சேம்பரில் ஆயில் மிகுந்து, கிராங்க் அதை அடித்து நுரையாக்கி, பிரீதர் வழியே வெளியே தள்ளும். ஓரளவு குறைந்ததும் அது தானாகவே நின்றுவிடும். மறுபடியும் குறிவரை ஊற்றினால் மறுபடியும் தள்ளும். ரிங்கில் எந்தக் குறையும் இல்லாமலே ‘ஆயில் குடிக்கிறது’ என்ற பெயர் வந்துவிடும்.

அளவைப் பார்ப்பதற்கும் ஒரே முறை வேண்டும்: படகில் அதே பாரம், என்ஜினை நிறுத்திக் குறைந்தது கால்மணி நேரம் கழித்து, அதே இடத்தில். இன்ஜெக்டர் ஒழுகி டீசல் சேம்பரில் இறங்கினால் மட்டம் குறையாமலே இருக்கும். ஆயில் எரிந்து போவது அதற்குள் மறைந்துகொள்ளும். டிப் ஸ்டிக்கில் டீசல் வாடை அடித்தாலோ, ஆயில் தண்ணீராய் ஓடினாலோ முதலில் இன்ஜெக்டரையும் பம்பையும் கவனிக்க வேண்டும்.

வெளிக்கசிவும் ஆயில் கூலரும்

பின்பக்கக் கிராங்க் சீல் ஒழுகினால் ஆயில் படகின் அடியில் தேங்கும் நீரில் விழுகிறது. மோட்டார் அதை இறைத்துக் கடலில் கொட்டிவிடுகிறது. என்ஜினுக்கு அடியில் சுத்தமான தட்டை வைத்து, அதில் வெள்ளை அட்டை விரித்து ஒரு ஓட்டம் போய் வந்தால் கசியும் இடம் தெரிந்துவிடும்.

கூலர் கசிவைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம். ஓடும்போது ஆயில் அழுத்தம் பொதுவாக 3 முதல் 5 பார் வரை இருக்கும். தண்ணீரின் அழுத்தம் அதைவிட மிகக் குறைவு. எனவே கூலர் குழாயில் சிறு துளை விழுந்தால் ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். கடல்நீர் நேரடியாகக் கூலருக்குள் ஓடும் அமைப்பில், அந்த ஆயில் எக்ஸாஸ்ட் நீரோடு சேர்ந்து படகுக்குப் பின்னால் வண்ணப் படலமாக மிதக்கும். நன்னீர் சுற்றும் அமைப்பானால் ஹெடர் டேங்கில் ஆயில் தெரியும். என்ஜினை நிறுத்தியதும் நிலைமை தலைகீழாகலாம்: தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கி அதைப் பால்நிறமாக்கும். பழைய கூலரையே கழுவி மாட்டிய என்ஜினில் இந்தச் சோதனையை விடக்கூடாது. கூலரைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, தண்ணீரில் அமிழ்த்திக் காற்றடித்தால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். கியர்பாக்ஸுக்குத் தனிக் கூலர் இருந்தால் படலம் அங்கிருந்தும் வரலாம்; கியர் ஆயில் மட்டத்தையும் பார்த்துவிட வேண்டும்.

புகை

ஆயில் எரிந்தால் நீலப்புகை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் எக்ஸாஸ்டில் கடல்நீர் கலக்கும் படகில் ஆவி அந்த நிறத்தை மறைத்துவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலம் வந்து பிறகு தெளிந்தால் வால்வு கைடு, சீல் பக்கமோ டர்போ பக்கமோ சந்தேகிக்கலாம். பாரத்தில் விடாமல் வந்தால் ரிங் பக்கம். ஆக்சிலரேட்டரை விட்டதும் புகைந்தால் கைடு என்ற விதி பெட்ரோல் என்ஜினுக்கு உரியது. த்ராட்டில் இல்லாத டீசலில் இன்லெட்டில் அவ்வளவு உறிஞ்சல் உண்டாவதில்லை. அந்த விதியை இங்கே நம்பக்கூடாது.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தாலும்

இந்தப் புகாரில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது கம்ப்ரஷன் டெஸ்ட்தான். எல்லா சிலிண்டரும் சமமாக, நல்ல அளவு காட்டினால் ‘ரிங் நன்றாக இருக்கிறது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கம்ப்ரஷனைப் பிடிப்பவை மேல் ரிங்குகள். ஆயிலைச் சுவரிலிருந்து வழித்துக் கீழே அனுப்புவது அடியிலுள்ள ஆயில் ரிங். ஆயில் ரிங் முழுவதும் செயலற்றுப் போனாலும் கம்ப்ரஷன் குறையாது. சிலிண்டருக்குள் ஏறும் ஆயில் மேல் ரிங்குகளுக்கு அடைப்பாகி, அளவைக் கூட்டியும் காட்டும். நாசில் துளை வழியே ஆயில் விட்டு மறுபடியும் அளக்கும் முறையும் டீசலுக்குப் பொருந்தாது. எரியறை மிகச் சிறியது. கொஞ்சம் ஆயிலே அளவை உயர்த்திவிடும், கூடினால் பிஸ்டன் முட்டிக் கனெக்டிங் ராடு வளையும்.

பயன் தருவது கிராங்க்கேஸ் அழுத்தத்தை அளப்பது. மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது இதைத்தான். கண்ணாடி போல் தெளிந்த குழாயை ‘ப’ எழுத்தின் வடிவில் வளைத்துப் பலகையில் கட்டி, பாதிக்குத் தண்ணீர் விட்டு, ஒரு முனையை டிப் ஸ்டிக் துளையில் இறுக்கமாகச் செருகி, மறுமுனையைத் திறந்து விட்டால் அளவி தயார். பாரத்தில் ஓடும்போது இரு பக்க நீர்மட்டமும் எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்று குறித்து, தயாரிப்பாளர் கொடுத்த எல்லையோடு ஒப்பிட வேண்டும். அழுத்தம் மிகுந்தால் முதலில் பிரீதர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரீதர் சுத்தமாக இருந்தும் அழுத்தம் இறங்காவிட்டால் வாயு ரிங்கைத் தாண்டி வருகிறது அல்லது டர்போ வழியே வருகிறது. அழுத்தம் இயல்பாக இருந்தும் ஆயில் போனால் ஆயில் ரிங், கைடு, டர்போ, கூலர் ஆகியவற்றைத் தேட வேண்டும்.

ரிங் படியாமை

புதுப்பித்த என்ஜினுக்கே உரிய காரணம் இது. ஹோனிங் செய்த லைனரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் இருக்கும். ஆயிலைத் தாங்குவதும் ரிங்கைப் படிய வைப்பதும் அவையே. எரியறை வாயு ரிங்கின் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு அழுத்தினால்தான் தேய்ந்து பொருந்தும். அந்த அழுத்தம் பாரத்தில்தான் கிடைக்கும். புது என்ஜினைக் கரையில் கட்டிப்போட்டு மணிக்கணக்கில் ஐட்லிங்கில் ஓட்டுவது நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது கெடுதலே செய்கிறது. ரிங் படியாமல் அரைகுறையாக எரிந்த ஆயில் கோடுகளுக்குள் வார்னிஷ் போல் காய்ந்து, சுவர் வழுவழுப்பாகிவிடும். சூடேறியதும் நடுத்தரப் பாரத்தில், வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டி, மெல்ல மெல்ல முழுப்பாரத்துக்குக் கொண்டுபோவதே சரி. வழுவழுப்பு தொடக்கநிலையில் இருந்தால் சில மணி நேரப் பாரமான ஓட்டத்திலேயே செலவு குறையும். குறையாவிட்டால் மறு ஹோனிங் தவிர வழியில்லை.

ஹோனிங் செய்த பின் கழுவுவதில் நேரும் குறையும் இதே விளைவைத் தரும். கல்தூள் டீசலிலோ மண்ணெண்ணெயிலோ முழுதாகப் போகாது. வெந்நீரும் சோப்பும் பிரஷும் வேண்டும். வெள்ளைத் துணியை ஆயிலில் நனைத்துச் சுவரைத் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டக்கூடாது. ஒட்டினால் அந்தத் தூள் புது ரிங்கைச் சில நாளிலேயே தின்றுவிடும்.

பொருத்தியதில் பிழை

சரிவான முகமுள்ள இரண்டாம் ரிங்கைத் தலைகீழாகப் போட்டால் அது ஆயிலை வழிப்பதற்குப் பதில் மேலே ஏற்றும். ஆயில் ரிங்கின் உள்ஸ்பிரிங் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டாலும் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் நனைந்துகொண்டே இருக்கும். வெட் லைனரின் அடி ஓ-ரிங் தடித்தோ முறுக்கியோ உட்கார்ந்தால் லைனர் வட்டம் குலைந்து, ரிங் சில இடங்களில் சுவரைத் தொடாது. வால்வு சீலை உறையில்லாமல் மாட்டினால் காட்டர் பள்ளத்தின் கூர்முனை அதன் உதட்டைக் கிழித்துவிடும்.

டர்போவில் ஆயில் திரும்பும் குழாயை முதலில் பார்க்க வேண்டும். அது நசுங்கினாலோ கேஸ்கட் பேஸ்ட் அடைத்தாலோ, புது டர்போவும் ஒழுகும். ஏர் ஃபில்டர் அடைத்து உறிஞ்சல் மிகுந்தாலும் ஆயில் இன்லெட்டுக்குள் இழுபடும். குழாயின் உட்புறத்தில் மெல்லிய ஈரம் இயல்பு. தேங்கி நின்றால் குறை.

பழைய எக்ஸாஸ்ட் முழங்கையை மாட்டிய படகில் இன்னொன்றும் உண்டு. அது அரித்திருந்தால், நிறுத்தியபின் கடல்நீர் வால்வு வழியே சிலிண்டருக்குள் இறங்கி, சில நாள் சும்மா நின்றாலே ரிங்கும் சுவரும் துருப்பிடிக்கும்.

திறந்த பிறகு

ஹெட்டைக் கழற்ற வேண்டியே வந்தால், எதையும் துடைக்குமுன் பார்க்க வேண்டும். பிஸ்டன் தலையின் ஓரத்தில் கரி கழுவிவிட்டது போல் உலோகம் பளிச்சென்று தெரிந்தால் ஆயில் ரிங் வழியே ஏறியிருக்கிறது. இன்லெட் வால்வின் முதுகில் ஈரமான கரி தடித்திருந்தால் கைடு வழி. எல்லா இன்லெட்டும் நனைந்திருந்தால் டர்போ. ஒரே சிலிண்டர் மட்டும் வேறுபட்டால் பொருத்தியதில் பிழை. எல்லாமே ஒரே மாதிரி இருந்தால் ஹோனிங் அல்லது ஓட்டிய முறை. லைனரை மேல், நடு, அடி என மூன்று உயரத்திலும், ஒவ்வொன்றிலும் இரு திசையிலும் அளந்து வட்டக்குலைவைக் கணக்கிட்ட பிறகே புது ரிங் வாங்க வேண்டும். பழைய ரிங்கை லைனருக்குள் தனியே நுழைத்து, அடியிலிருந்து விளக்கைக் காட்டினால், சுவரைத் தொடாத இடம் ஒளிக்கீற்றாகத் தெரியும்.