வார்ப்புத்துளையும் இழுவைக்குழியும்: அலுமினிய முறிவாய்வின் வரலாற்றில் ஒரு வேறுபாடு

எண்ணூரில் 1959இல் நிறுவப்பெற்ற எண்ணூர் பவுண்டரீஸ் போன்ற வார்ப்படச்சாலைகளில் குழி என்பது உருகிய உலோகம் உறையும்போது நேரும் குறை. வளிமம் சிக்குவதாலோ சுருக்கத்தாலோ உண்டாவது. சூட்டில் இழுத்து உருவாக்கப்படும் அலுமினியக் கலப்புலோகத்திலோ குழி திண்மத்திற்குள்ளேயே பிறக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லால் வழங்குவது பிழையான காரணங்களைத் தேடச்செய்யும்.

1934இல் இங்கிலாந்தில் பியர்சன் பிஸ்மத்–வெள்ளீயக் கலவையை 1,950 விழுக்காடு நீட்டிக்காட்டினார். 1964இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேக்கோஃபன் குழுவினர் துத்தநாக–அலுமினியத் தகட்டை ஊதிக் குமிழாக்கினர். மீநீட்சி எனத்தக்க இப்பண்பின் தொடக்கக்கால ஆய்வில் நீட்சி விழுக்காடே பெருமைக்குரிய அளவாயிற்று. அவ்வளவு உட்சிதைவைக் காட்டுவதில்லை.

வானூர்திக்குரிய 7475 கலவையை 500 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் மெல்ல இழுக்கும்போது அதன் நுண்படிகமணிகள் ஒன்றையொன்று உரசி வழுக்குகின்றன. கடினத் துகள் வழிமறிக்குமிடத்தில் சுற்றியுள்ள உலோகம் ஈடுகொடுக்காவிடின் வெற்றிடம் திறக்கும். வளர்ந்து, அண்டைக் குழிகளோடு இணைந்து, முறிவாகும். (தகட்டை உருட்டியபோதே நுண்வெற்றிடங்கள் தோன்றிவிடுகின்றன என்போரும் உளர்.) முறியாத உறுப்பும் ஐயத்திற்குரியதே: எஞ்சிய குழிகள் அதன் அயர்வு வலிமையைக் குறைக்கும். தகட்டின் இருபுறமும் வளிம அழுத்தம் தந்து குழிகளை அடக்கும் முறை 1980களில் ஆராயப்பட்டது இதனாலேயே.

இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றான ‘சூப்பர்பிளாஸ்டிசிட்டி’, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியராக விளங்கிய கே. ஏ. பத்மநாபனும் ஜி. ஜே. டேவிசும் எழுதியது, 1980இல் ஸ்பிரிங்கர் வெளியீடாக வந்தது. இத்துறையைத் தமிழில் எழுதுவோர் உறைதலில் எழுவதை வார்ப்புத்துளை என்றும், இழுவையில் எழுவதை இழுவைக்குழி என்றும் பிரித்து வழங்குதல் தகும்.