விரலை வைத்தால்தான் கூடையைத் தூக்கலாம்!

இந்த எபிசோடை அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்து ஆரம்பிக்கலாம். காலை ஷிஃப்ட் நேரத்துக்கு அங்கே போய்ப் பாருங்க. கம்பெனி கேட் வாசலில், புதுசா வேலைக்குச் சேர வந்தவங்க கையில ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். உள்ளே ஆதார் ஜெராக்ஸ், போட்டோ, மார்க் ஷீட். சிலர்கிட்ட போலீஸ் வெரிஃபிகேஷன் பேப்பரும் இருக்கும்.

செக்யூரிட்டி வேலைன்னா இது சட்டமே. தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கான 2005-ம் ஆண்டுச் சட்டப்படி, காவலாளியின் பின்னணியைச் சரிபார்த்த பிறகுதான் வேலைக்கு எடுக்க வேண்டும். நம்ம ஊரில் இந்தச் சரிபார்ப்பு பெரும்பாலும் பேரையும் முகவரியையும் வெச்சுத்தான் நடக்குது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் இன்னும் ஒரு படி மேலே. நர்ஸ், டீச்சர், ரியல் எஸ்டேட் ஏஜென்ட்னு லைசென்ஸ் கேட்கிறவர்களின் கைரேகையை எடுத்து, எஃப்.பி.ஐ. பதிவுகளோட ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

"தப்பு பண்ணலைன்னா ரேகை வைக்கிறதுல என்ன பயம்?" நியாயமான கேள்விதான். ஆனால் இதே கேள்வி நூறு வருஷத்துக்கு முன்னாடி தமிழர்கள் முன்னால வந்து நின்றது. அப்போ அவங்க சொன்ன பதில் தெரியுமா?

முதலில் ரேகையின் கதை. 1858-ல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலை போடப் பொருள் சப்ளை செய்யும் ராஜ்யதர் கோனாய் என்ற கான்ட்ராக்டரிடம் ஒப்பந்தத்தில் முழுக் கையின் அச்சையும் வாங்கினார். கையெழுத்து என்னுதில்லைன்னு நாளைக்குச் சொல்லிடக் கூடாதே! ஆக, தொழில் செய்ய வந்த ஒருத்தர் மேல இருந்த சந்தேகத்தில்தான் இந்தக் கதையே தொடங்குது.

அடுத்து, 1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. லட்சக்கணக்கான ரேகைகளில் ஒன்றைத் தேடி எடுக்கும் வகைப்பாட்டு முறையை உருவாக்கியதில் அஸிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பு பெரியது. ஆனால் பெயர் கிடைத்தது மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்கு. 1900-ல் அந்த ஹென்றியைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள், ஜோகன்னஸ்பர்க் போலீஸை ஒழுங்குபடுத்த. ரேகை முறையும் அவரோடயே கப்பல் ஏறியது.

அந்த ஜோகன்னஸ்பர்க்கில் ஏராளமான தமிழர்கள் இருந்தாங்க. அவர்களில் பலர், கூடையில் காய்கறியும் பழமும் எடுத்துட்டு வீடு வீடாகப் போய் விற்கிறவங்க.

1907-ல் டிரான்ஸ்வால் அரசு ஒரு சட்டம் போட்டது. ஆசிய ஆண்கள் பத்து விரல் ரேகையும் வைத்துப் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லையென்றால் வியாபார லைசென்ஸ் கிடையாது. இதுதான் முக்கியமான பிடி. ஒருத்தரை ஜெயிலில் போட போலீஸ் வேணும், கோர்ட் வேணும். லைசென்ஸை நிறுத்த ஒரு குமாஸ்தா போதும். அடுப்பு தானா அணைஞ்சிடும்.

அப்போது முன்னால் நின்றவர் தம்பி நாயுடு. மொரீஷியஸில் பிறந்த தமிழர். 1908 ஜனவரியில் காந்தியோடு சிறைக்குப் போனார். ஜெனரல் ஸ்மட்ஸோடு ஒரு சமரசம் வந்தது: தானாக முன்வந்து பதிவு செய்தால் சட்டம் விலகும் என்று இந்தியர்கள் நம்பினார்கள். காந்தியே விரல் ரேகை கொடுக்கக் கிளம்பினார்! அதுக்காகவே அவரை ஆத்திரத்தில் அடித்து வீழ்த்தினார்கள். தடுக்கப் போன தம்பி நாயுடுவுக்கும் அடி.

ஆனால் சட்டம் ரத்தாகவில்லை. 1908 ஜூலையில் தம்பி நாயுடுவும் காந்தியின் மகன் ஹரிலாலும் வேண்டுமென்றே லைசென்ஸ் இல்லாமல் கூடை தூக்கிக் கைதானார்கள். ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா மசூதி மைதானத்தில், ஒரு பெரிய கொப்பரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்கள் எரிந்தன. கூடவே வியாபார லைசென்ஸ்களும். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, அது அடுத்த நாள் சோற்றை எரிக்கிற மாதிரி.

கவனிங்க, அவங்க சண்டை மையோட இல்லை. தானா கொடுத்தப்போ காந்தி பத்து விரலும் கொடுத்தார். "நீ இந்த இனம், அதனால சந்தேகம்"னு சொல்லிக் கட்டாயமா கேட்டதைத்தான் அவங்க ஏத்துக்கல.

அதே சந்தேகம் நம்ம மண்ணிலும் இருந்தது. 1911-ம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம், சில சமூகங்களை மொத்தமாகவே குற்றவாளிகளாக அறிவித்து ரேகை எடுத்தது. மதுரைப் பக்கம் அதுக்கு மக்கள் வெச்ச பேரே 'ரேகைச் சட்டம்'. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் இந்தப் பதிவை எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல்தான் ஒழிந்தது.

சரி, இன்றைக்கு? 2022-ல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டப்படி, போலீஸ் எடுக்கும் ரேகை 75 ஆண்டுகள் பதிவில் இருக்கலாம். முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால், நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லாத வரை, அழிக்க வேண்டும். எழுத்தில் நல்ல விதி. ஆனால் அழிச்சாங்களான்னு யார் போய்ப் பார்க்கிறது? அமெரிக்காவில் இதுதான் பழைய புகார்: கைது பதிவில் இருக்கும், விடுதலை பதிவில் ஏறியிருக்காது. லைசென்ஸ் கேட்டுப் போனவர் மாட்டிக்குவார்.

குழந்தைகளோட, நோயாளிகளோட வேலை பார்க்கிறவரைச் சரிபார்க்க வேண்டாம்னு யாரும் சொல்ல முடியாது. ஆனால் ரேகை "இவர் யார்" என்று மட்டும்தான் சொல்லும். "இவர் எப்படிப்பட்டவர்" என்று சொல்வது அதுக்குப் பின்னால இருக்கிற ஃபைல். அந்த ஃபைல் தப்புன்னா, விரல் எவ்வளவு சரியாப் பொருந்துதோ அவ்வளவு ஆபத்து.

அதனால எஸ்டேட் கேட்டிலோ வேற எங்கேயோ உங்க விரலைக் கேட்டா, மூணு கேள்வி மனசுல இருக்கட்டும். எல்லார்கிட்டயும் கேட்கிறாங்களா, இல்ல எங்ககிட்ட மட்டுமா? எந்த ஃபைலோட ஒப்பிடுறாங்க? அதுல தப்பிருந்தா திருத்த நான் யார்கிட்ட போகணும்? இதில் முதல் கேள்வியைக் கேட்டதுக்குத்தான், கூடை தூக்கின நம்ம ஆட்கள் ஜோகன்னஸ்பர்க்கில் ஜெயிலுக்குப் போனாங்க.