மிதிபடும் கிரீடம்

காரல் ரீட் 1947இல் எடுத்த 'ஆட் மேன் அவுட்' படத்தை ஒரு ஃபிலிம் சொசைட்டியில் பார்த்தபோதுதான் அந்த மதுச்சாலையை முதலில் கண்டேன். குண்டடி பட்டு பெல்ஃபாஸ்ட் தெருக்களில் அலைகிற ஒருவனை அங்கே ஒரு சிற்றறைக்குள் போட்டு அடைக்கிறார்கள். வெளியே குடிப்பவர்களின் கூச்சல். உள்ளே அவன், மேஜையில் சிந்திய பீரின் குமிழிகளில் முகங்களைக் காண்கிறான். அந்த அறையை நிஜம் என்றே நம்பியிருந்தேன். அது ஸ்டுடியோவில் கட்டிய நகல் என்பதும், அசல் கிரேட் விக்டோரியா தெருவிலுள்ள கிரௌன் பார் என்பதும் பின்னால்தான் தெரிந்தன. பெல்ஃபாஸ்டுக்கு நான் போனதில்லை. ஆனாலும் அந்த இடம் என்னை விடுவதாயில்லை.

ரயில் நிலையத்தருகே 'ரயில்வே டாவர்ன்' என்ற பெயரில் இருந்த கடை அது. 1885இல் பாட்ரிக் ஃப்ளானகன் அதை இன்றைய உருவத்துக்கு மாற்றினார். கத்தோலிக்கத் தேவாலயங்கள் கட்ட வந்த இத்தாலியக் கைவினைஞர்கள், வேலைநேரம் போக மீதிப் பொழுதில் இங்கே வேலை செய்தார்கள் என்பது வழக்கு. பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. வண்ணக் கண்ணாடி, செதுக்கிய மரக்கூரை, கேஸ் விளக்குகள், சிங்கங்கள் காவல் நிற்கும் 10 சிற்றறைகள். கதவை மூடிக்கொண்டால் பாவசங்கீர்த்தனத்துக்கு உட்கார்ந்த மாதிரிதான். பரிசாரகனைக் கூப்பிட மணி. தீக்குச்சி உரச உலோகத் தகடு.

வாசற்படியருகே தரையில், சிறு கற்கள் பதித்து ஒரு கிரீடம். இதற்கு ஒரு கதை சொல்வார்கள். ஃப்ளானகனின் மனைவி பிரிட்டிஷ் முடியின்மீது விசுவாசம் உள்ளவள். கடைக்குக் 'கிரௌன்' என்றே பெயர் வைக்க வேண்டும் என்றாள். அவர் அயர்லாந்துப் பற்றுள்ள கத்தோலிக்கர். சரி என்று சம்மதித்துவிட்டு, வருகிறவர் எல்லோரும் மிதித்துப்போகும் இடத்தில் கிரீடத்தைப் பதித்துவிட்டார். இது நடந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. ஒரு நகரம் தன்னைப் பற்றி இப்படியொரு கதையைச் சொல்லிக்கொள்ள விரும்பியிருக்கிறது, அதுவும் சரித்திரம்தான்.

ஒரே படிமம், ஒருவனுக்கு மரியாதை, இன்னொருவனுக்குப் பழி. இருவரும் ஒரே வாசல் வழியாக வந்து குடித்துவிட்டுப் போகிறார்கள். தெருப்பெயரும் கொடியின் நிறமும்கூட ஒரே அர்த்தத்தில் இறுகிப்போன ஊரில், இந்தத் தரை மட்டும் இரண்டு அர்த்தங்களைத் தாங்கிக்கொண்டிருந்தது.

இதை வைத்துக் கவிதையின் பெருமை பேச ஒரு காலத்தில் ஆசைப்பட்டேன். இப்போது கூச்சமாக இருக்கிறது. கடைக்கு நேர் எதிரே 1971இல் திறந்த யுரோப்பா ஹோட்டல் 30 தடவைக்குமேல் குண்டுத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அந்த அதிர்ச்சிகளில் கிரௌனின் கண்ணாடிகள் திரும்பத் திரும்ப நொறுங்கின. படிமம் எதையும் தடுக்கவில்லை. நொறுங்கியதைப் பெருக்கித் தள்ளிவிட்டு மறுபடி கண்ணாடி பொருத்தியவர்களால்தான் கடை நின்றது.

1978இல் நேஷனல் டிரஸ்ட் கடையை வாங்கியது. கவிஞர் ஜான் பெட்ஜமன் அதற்காக வாதாடியவர்களில் ஒருவர். 1981இல் பெரிய அளவில் புதுப்பித்தார்கள், 2007இல் மறுபடியும். அப்படியானால் இன்றிருப்பது அசலா, ரீடின் ஸ்டுடியோவில் இருந்ததைப்போல இன்னொரு நகலா? இந்தக் கேள்விக்கு, அங்கே இன்னும் பீர் ஊற்றுகிறார்கள் என்பதைத் தவிர வேறு பதில் எனக்குத் தோன்றவில்லை. ஸ்டுடியோ நகலில் படப்பிடிப்பு முடிந்த பிறகு யாரும் குடிக்கவில்லை.

டிரஸ்ட் அதைக் காட்சிசாலை ஆக்காமல் கடையாகவே விட்டுவைத்தது. இல்லாவிட்டால் கிரீடத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பார்கள். யாரும் மிதித்திருக்க மாட்டார்கள். அது வெறும் கிரீடமாகிப் போயிருக்கும்.