சயாம் ரயிலுக்குப் போன நம்ம பாட்டன்மார்

ஆடி அமாவாசை வருது. தர்ப்பணத்துக்குப் பெயர் எழுதும்போது சில குடும்பங்கள் ஒரு பெயருக்குப் பக்கத்துல "சயாம் போனவர்" என்று மட்டும் எழுதித் தர்றாங்க. திதி தெரியாது. "பொய்ச் சேதியை நம்பிப் போற அளவுக்கா ஏமாளியா இருந்தாங்க?" என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறாங்க. இல்லைங்க.

1942-ல் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடிச்ச பிறகு ரப்பருக்குச் சந்தை போச்சு. மரம் சீவுற வேலை குறைஞ்சது, சம்பளமும் போச்சு. அரிசிக்குப் பதிலா மரவள்ளிக்கிழங்கு. அந்த நேரத்துலதான் அறிவிப்பு வந்தது. சயாமில் ரயில் பாதை வேலை, மூணே மாசம், நாளுக்கு ஒரு வெள்ளி. சாப்பாடு, தங்குமிடம், மருத்துவம், பயணம் எல்லாம் இலவசம். அதைத் தோட்டத்துல வந்து சொன்னவங்க கிராணியும் கங்காணியும், தெரிஞ்ச முகங்கள். கையில் இருந்த தகவலை வச்சுப் பார்த்தா, போறதுதான் சரியான முடிவு. குடும்பத்தோட கிளம்பினவங்களும் உண்டு.

கிள்ளான் பக்கத்துத் தோட்ட ஆளுங்க ரயிலில் வடக்கே போகணும்னா கோலாலம்பூர் வழிதான். சரக்கு வண்டியில் பான் போங் வரை, அப்புறம் காட்டுக்குள்ள நடை. பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1943 நடுவில் காலரா முகாம் முகாமா அள்ளிட்டுப் போச்சு. அக்டோபர் 17-ல் பாதை இணைஞ்சது. மூணு மாசக் கணக்கை யாரும் மதிக்கல.

தப்பி வந்தவங்க மூலமா உண்மை தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. போனவங்ககிட்டேருந்து ஒரு கடுதாசியும் வராததே ஒரு சேதிதானே. அதே ஜனங்க, அதே பசி. ஆனா இப்போ பெயர் கொடுக்க ஆளில்லை, ரப்பர் காட்டுல ஒளிஞ்சாங்க. அதுக்கப்புறம்தான் பலவந்தமா ஆள் பிடிக்கிறது அதிகமாச்சு. இலவசப் படம்னு கூப்பிட்டுக் கதவைச் சாத்தின கதையை உங்க வீட்டுப் பெரியவங்களும் சொல்லியிருக்கலாம்.

(இன்னைக்கும் "நல்ல சம்பளம், டிக்கெட் இலவசம்" என்று ஃபோனில் வர்ற வேலையை நம்பி, தாய்லாந்து எல்லை தாண்டி மியாவாடியில் மாட்டிக்கிட்ட மலேசியப் பிள்ளைகள் இருக்காங்க.)

இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 12,000 பேர். காஞ்சனபுரியில் மட்டும் ஏறக்குறைய 7,000 கல்லறைகள், பெரும்பாலானதில் பெயர் இருக்கு. நம்மவங்களுக்கு அப்படி ஒரு பட்டியலே இல்லை. மலாயாவிலிருந்து போனவங்க 75,000 என்கிறது ஒரு கணக்கு, ஒரு லட்சம் என்கிறது இன்னொன்று. அதனால வாட்ஸ்அப்பில் வர்ற இரண்டு லட்சம், மூணு லட்சத்தை நம்ம ஆலயக் குழுவில் போட வேண்டாம். எண்ணைப் பெருசாக்கினா துக்கம் பெருசாகாது. ஒரு எண் பொய்னு தெரிஞ்சா, மிச்சத்தையும் பிள்ளைங்க நம்ப மாட்டாங்க.

ஆடி அமாவாசைக்கு வரும்போது உங்க குடும்பத்துல போனவர் பெயர், தோட்டம், கிளம்பின வருஷம், இதை உங்களுக்குச் சொன்னவர் யார் என்று எழுதி எடுத்துட்டு வாங்க. தெரியாத இடத்தை வெறுமனே விட்டுடுங்க, நாங்களும் நிரப்ப மாட்டோம். வயசான பாட்டிமார் இருந்தா கூட்டிட்டு வாங்க, மண்டபத்துல நாற்காலி போட்டு வைக்கிறோம்.