கல் காத்தால் போதுமா?

இளமையிற் கற்ற கல்வியைச் சிலையில் எழுத்துக்கு ஒப்பிடும் பழமொழி நம்மிடையே உண்டு. அங்கே சிலை என்பது கல். கல்லில் வெட்டியது அழியாது என்னும் நம்பிக்கை அந்த ஒப்புமையினுள் இருக்கின்றது. ஆனால், நேயர்களே, கல்லும் அழியும். கல் அழியாது நின்றாலும் அதிலுள்ள எழுத்து ஊமையாகிவிடும். இவ்விரு உண்மைகளையும் நைல் நதிக்கரையின் வரலாற்றிலே காணலாம்.

பெருகிவரும் மக்களுக்கு நீர்ப்பாசனமும் மின்சாரமும் வேண்டி, அஸ்வானில் உயர் அணை ஒன்றைக் கட்ட எகிப்து தீர்மானித்தது. 1960 இல் வேலை தொடங்கிற்று. அணை எழுந்தால் அதன் பின்னே ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நீளமான நீர்த்தேக்கம் உருவாகும். நூபியா என்னும் பழைய நாடு நீரில் மூழ்கும். அங்கேதான், மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மலையைக் குடைந்து அமைத்த அபு சிம்பல் கோயில்கள் இருந்தன. மன்னன் இரண்டாம் ராம்சேஸ் வீற்றிருக்கும் நான்கு பெருஞ்சிலைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மீற்றர் உயரமானவை, நீர் வரும் திசையையே பார்த்தபடி இருந்தன.

எகிப்தும் சூடானும் 1959 இல் யுனெஸ்கோவின் உதவியை நாடின. ஐக்கிய நாடுகள் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் என்பது அதன் முழுப்பெயர். இரண்டாம் உலகப் போரின் சாம்பல் ஆறுமுன்னரே, 1945 நவம்பரில், மனித மனங்களிலே சமாதானத்தைக் கட்டியெழுப்ப வேண்டுமென்ற எண்ணத்துடன் தோன்றிய நிறுவனம் அது. 1960 மார்ச் 8 இல் அதன் பணிப்பாளர் நாயகம் விற்றோரினோ வெறொனேசே உலக நாடுகளுக்குப் பகிரங்க வேண்டுகோள் விடுத்தார். ஒரு நாட்டின் கோயிலைக் காக்க இன்னொரு நாட்டான் ஏன் பணம் தரவேண்டும்? அது மானிட இனம் முழுவதற்கும் உரிய சொத்து என்பதே அவ்வேண்டுகோளின் உட்பொருள். அக்காலத்தில் அது புதிய சிந்தனை. ஏறத்தாழ 50 நாடுகள் அதற்குச் செவிசாய்த்தன.

1964 இல் அபு சிம்பலில் வேலை ஆரம்பமாயிற்று. கோயில்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாளங்களாக அறுக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 20 முதல் 30 தொன் வரை எடை. அவை 65 மீற்றர் உயரத்தில், ஆற்றிலிருந்து சுமார் 200 மீற்றர் உள்ளே, மீண்டும் அடுக்கப்பட்டன. பின்னால் நின்ற மலைக்குப் பதிலாகக் கொங்கிறீற்றுக் குவிமாடத்தின் மேல் புதிய மலையொன்று எழுந்தது. ஆண்டில் இரு நாட்களில் சூரிய ஒளி கருவறையின் ஆழம்வரை செல்லும் பழைய அமைப்பும் கைவிடப்படவில்லை. 1968 செப்ரெம்பரில் பணி நிறைவெய்தியது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 4 கோடி டொலர் செலவாயிற்று.

இந்த வரலாற்றை வகுப்பிலே சொல்லி முடித்த ஒருநாள், பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். “சேர், கோயிலைத் தூக்கி வைச்சினம். அங்க இருந்த சனங்களை என்ன செய்தவை?” என்று கேட்டாள்.

வரலாறு கற்பிக்கும் எவரும் தட்டிக் கழிக்க முடியாத கேள்வி அது. எகிப்திலும் சூடானிலுமாக ஏறத்தாழ ஓர் இலட்சம் நூபிய மக்கள் இடம்பெயர்ந்தனர். எகிப்தின் நூபியர் கொம் ஒம்போவை அண்டிய புதிய குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். சூடானின் வாடி ஹல்பா மக்களுக்குப் பல நூறு கிலோமீற்றருக்கு அப்பால், நைலையே காணமுடியாத சமவெளியில் இடம் ஒதுக்கப்பட்டது. ஆற்றோரப் பேரீச்சந் தோப்புகளும் மூதாதையர் கல்லறைகளும் நீருக்கடியில் போயின. கற்பாளங்களுக்கு இலக்கமிட்டு மீண்டும் அடுக்க முடிந்தது. ஓர் ஊரின் வாழ்வை அவ்வாறு அடுக்க முடியுமா?

இதே நைலில் பிலே என்றொரு தீவு இருந்தது. அங்குள்ள ஐசிஸ் தேவியின் கோயிலும் இம்முயற்சியின் பகுதியாகக் கழற்றப்பட்டு, அயலிலுள்ள அகில்கியா தீவில் மீள அமைக்கப்பட்டது. 1980 இல் அப்பணி நிறைவுற்றது. எகிப்திய சித்திர எழுத்தில் பொறிக்கப்பட்டவற்றுள், நாளது தெரிந்த கடைசிச் சாசனம் அக்கோயிலிலேதான் உள்ளது. அது கி.பி. 394 ஆம் ஆண்டுக்குரியது. அதன்பின் அவ்வெழுத்தை அறிந்தோர் அற்றுப்போயினர். 1822 இல் பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியன் அதன் மர்மத்தை அவிழ்க்கும் வரை, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கல் இருந்தது, எழுத்தும் இருந்தது, வாசிப்பவன் மட்டும் இருக்கவில்லை. கற்பிப்பவனும் கற்பவனும் இல்லாத இடத்தில் மரபுரிமை வெறுங் கல்லே.

நூபியரின் கதையும் இதனோடு இணைந்தது. மத்திய காலத்திலே அவர்கள் தம் மொழியைச் சொந்த எழுத்தில் எழுதியவர்கள். பிற்காலத்தில் அவ்வெழுத்து வழக்கொழிந்தது. பள்ளிக்கூடம் அரபு மொழியைப் பேசிற்று, வீடு மட்டும் நூபிய மொழியைப் பேசிற்று. இடம்பெயர்ந்த பின் அந்த வீடும் மெல்ல மாறத் தொடங்கிற்று. தம் பழைய எழுத்தை மீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க நூபிய அறிஞர் சிலர் பின்னாளில் முயன்றதன் காரணம் இதுவே.

நூபிய அனுபவத்திலிருந்தே 1972 ஆம் ஆண்டின் உலக மரபுரிமைச் சமவாயம் ஊக்கம் பெற்றது. ஆனால் பேச்சு, பாட்டு, சடங்கு, கைவினை ஆகியனவும் காக்கப்பட வேண்டிய மரபுரிமையே என ஏற்கும் தனிச் சமவாயம் 2003 இல்தான் வந்தது. கல்லைத் தூக்கக் கற்ற உலகம் சொல்லைத் தாங்கக் கற்பதற்கு மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது எனலாம்.

இலங்கையும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. யுனெஸ்கோவின் ஆதரவோடு கலாசார முக்கோணத் திட்டம் 1980 இல் தொடங்கிற்று. 1982 இல் பொலநறுவை உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே, அட்டதாகே என்னும் பழைய தந்ததாதுக் கோயிலின் அருகே, 12 ஆம் நூற்றாண்டின் தமிழ்க் கல்வெட்டொன்று நிற்கின்றது. வேளைக்காரர் என்ற படையினர், புத்தரின் தந்ததாது இருந்த கோயிலைக் காப்போம் என வாக்களித்துப் பொறித்த சாசனம் அது. யாருடைய மரபுரிமை அது? தமிழருடையதா, சிங்களவருடையதா, சைவருடையதா, பௌத்தருடையதா? இக்கேள்விக்குக் கல்லே பதில் வைத்திருக்கின்றது. அதனை வாசிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவே.

பொலநறுவைக்குச் சுற்றுலா போகும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அக்கல்லின் முன் நின்று நான்கு எழுத்தையேனும் கூட்டி வாசிப்பார்கள்? மழையும் வெயிலும் படாமல் அதற்குக் கூரை போடுவது அரசுகளாலும் சர்வதேச நிறுவனங்களாலும் இயலும். அதனை வாசிக்கக் கற்றுக்கொடுப்பது ஆசிரியர்களாகிய எங்கள் வேலை. அவ்வேலையை நமக்காக எந்தப் பன்னாட்டு நிறுவனமும் வந்து செய்து தரமாட்டாது.